குருவை வைப்பது ஜமீனா, சபையா, கிறிஸ்துவா? – ஸ்காட்லாந்து 1843

ஓலைப்பெட்டி

1841 ஜனவரி. ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் மார்னாக் என்று ஒரு கிராமச் சபை. பனி கொட்டிக் கிடந்த பாதையில் சுற்றுவட்டார ஜனம் நடந்தே வந்து கோயிலை நிரப்பிவிட்டது. புதுக் குருவுக்கு அன்று பிரதிஷ்டை. ஆனால் யார் முகத்திலும் சந்தோஷமில்லை. ஜான் எட்வர்ட்ஸ் என்கிற அந்தக் குரு எங்களுக்கு வேண்டாம் என்று குடும்பத் தலைவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவரை அழைக்கும் தாளில் ஊரிலிருந்து விழுந்தது ஒரே ஒரு கையெழுத்து. போட்டவர் பீட்டர் டெய்லர், சத்திரக்காரர். வட்டாரச் சபைகளை நிர்வகிக்கும் குருமார் மன்றம் கூடினால் அவருடைய சத்திரத்தில்தான் சாப்பாடு!

சபையார் சார்பில் ஆட்சேபம் வாசித்தார்கள். அப்புறம் அவரவர் வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களை வைத்துக்கொண்டுதான் மீதிச் சடங்கு நடந்தது.

ஏன் இந்த நிலைமை? 1712-ல் வந்த ஒரு சட்டம் சபைக்குக் குருவை முன்மொழியும் உரிமையை நிலப்பிரபுக்களிடம் கொடுத்திருந்தது. 1834-ல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் உச்ச மன்றமான பொதுப்பேரவை ஒரு விதி கொண்டுவந்தது: சபையின் ஆண் குடும்பத் தலைவர்களில் பெரும்பான்மையோர் வேண்டாம் என்றால் அந்த ஆளை வைக்கக்கூடாது. ஆக்டரார்டர் என்ற ஊரில் ஒரு பிரபு முன்மொழிந்த ஆளுக்குச் சபையாரில் ஆதரவு 2 பேர், எதிர்ப்பு 280-க்கும் மேல். பேரவை விதிப்படி குருமார் மன்றம் அவரை நிராகரித்தது. அவர் நீதிமன்றம் போனார். 1838-ல் 8-க்கு 5 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பு. மறு வருஷம் லண்டனில் அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையும் அதையே உறுதி செய்தது. ஜனங்களின் சம்மதம் சட்டத்தின் கணக்கிலேயே வராது என்று ஆகிவிட்டது.

சபையின் வாதம் ஒன்றுதான். சபைக்கு ராஜாவும் தலைவரும் கிறிஸ்து. அவர் தம் சபைக்கென்று ஓர் ஆளுகையை ஏற்படுத்தி, அதை அரசாங்கத்திடம் இல்லாமல் சபை ஊழியர்களிடம் கொடுத்திருக்கிறார். அந்தத் திருச்சபையின் கொள்கை ஆவணமான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை சொல்வதும் இதுதான். மேய்ப்பனை வைப்பதும் நீக்குவதும் அந்த ஆளுகைக்குள் வரும் காரியம். நீதிமன்றத்துக்கு அங்கே வேலை இல்லை.

1843 மே 18. எடின்பரோவில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயத்தில் பொதுப்பேரவை கூடியது. தலைமை தாங்கிய டேவிட் வெல்ஷ் வழக்கமான அலுவலைத் தொடங்காமல் ஒரு கண்டனப் பத்திரத்தை வாசித்தார். மேசைமேல் வைத்தார். ராணியின் பிரதிநிதிக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு வெளியே நடந்தார். பின்னால் இந்தப் போராட்டத்தின் தலைவர் தாமஸ் சால்மர்ஸ், அவருக்குப் பின்னால் வரிசை வரிசையாகக் குருமார். டான்ஃபீல்டு கூடம்வரை நடந்துபோய் அங்கே சுயாதீனத் திருச்சபையை (Free Church) தொடங்கினார்கள். ஏறத்தாழ 1,200 குருமாரில் 474 பேர் வெளியே வந்தார்கள். குருமனை, சம்பளம், கோயில் எல்லாம் போயிற்று. இளம்பிள்ளைகளோடு ஜூன் மாதத்தில் வீடு தேடியவர்கள் உண்டு.

‘இயேசுவே சபைக்குத் தலைவர்’ என்று சொல்லாத சபை கிடையாது. அதைச் சொல்லி வீட்டை இழந்த சபை எத்தனை? அதற்காகத்தான் இந்தக் கதையை எடுத்தேன். மற்றவர்கள் சொல்லுங்கள்.

சாந்தோம்காரன்

நல்ல பதிவு அண்ணாச்சி. ஆனால் இந்தக் கதையை 1843-ல் தொடங்கினால் எங்கள் கத்தோலிக்க ஆட்கள் கணக்கில் வரமாட்டார்கள். எட்டாம் ஹென்றி 1534-ல் இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தானே தலைவர் என்று சட்டம் போட்டார். அதற்கு ஆணையிட மறுத்த ஆயர் ஜான் ஃபிஷருக்கு 1535 ஜூனில் தலை போனது. தாமஸ் மோருக்கு ஜூலையில். மோர் பெரிய வழக்கறிஞர், முன்னாள் சான்சலர். பாராளுமன்றம் சட்டம் போட்டு ஒருவரைத் திருஅவைக்குத் தலைவர் ஆக்க முடியாது என்பதுதான் தீர்ப்புக்குப் பின் அவர் வாய்திறந்து சொன்னது. உங்கள் சால்மர்ஸ் சொன்னதும் அதேதானே?

கிறிஸ்துதான் தலைவர் என்பதில் கத்தோலிக்கருக்குச் சந்தேகமே கிடையாது. திருத்தந்தை அவருடைய பிரதிநிதி, அவ்வளவுதான். அரசன் வந்து மிரட்டும்போது எல்லைக்கு வெளியே இருந்து ‘முடியாது’ என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். பேதுருவிடம் திறவுகோல் கொடுத்ததன் பயன் அங்கே தெரியும். ஸ்காட்லாந்தில் அப்படி ஒருவர் இல்லாததால் சபையே இரண்டாகப் பிளந்தது.

ஓலைப்பெட்டி

மோரைச் சேர்த்துக்கொள்ளலாம், தடையில்லை. அந்த ‘பிரதிநிதி’யில்தான் நமக்குள் தகராறு. தலைவர் உயிரோடு இருந்து, ‘இரண்டு மூன்று பேர் கூடும் இடத்தில் நான் இருக்கிறேன்’ என்று சொல்லியிருக்கும்போது அவருக்குப் பதில் ஆள் எதற்கு என்பதுதான் பிரெஸ்பிட்டேரியன் (குருமாரும் மூப்பரும் கூடி ஆளும் ஸ்காட்லாந்துச் சபை மாதிரி) கேள்வி. பதில் ஆள் கெட்டவராக இருந்துவிட்டால் அவரை யார் நிறுத்துவது? உங்கள் பக்கத்திலேயே 15-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரே சமயத்தில் மூன்று பேர் ‘நான்தான் போப்’ என்றார்கள். கான்ஸ்டன்ஸில் சங்கம் கூடித்தான் அதைத் தீர்க்க வேண்டியிருந்தது.

அரசனிடம் ‘முடியாது’ என்று சொல்ல ரோம் தேவைப்படவில்லை. 1596-ல் ஃபாக்லாண்டு அரண்மனையில் ஆண்ட்ரூ மெல்வில் ஆறாம் ஜேம்ஸ் ராஜாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, ஸ்காட்லாந்தில் இரண்டு ராஜாக்கள் இருக்கிறார்கள் என்று சொன்னார். இன்னொரு ராஜா கிறிஸ்து, அந்த ராஜ்யத்தில் நீர் தலைவரில்லை, ஓர் அங்கத்தினர் மட்டுமே என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார். ராஜாவின் கையைப் பிடித்து இழுக்கிற காட்சியை நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் பேராயருக்கு மாலை போடவே வரிசையில் நிற்கிறோம்.

இன்றைக்கும் எடின்பரோ பேரவையில் மன்னரின் பிரதிநிதிக்கு மேலே ஒரு மாடத்தில்தான் இடம். அது முறைப்படி பேரவைக்கு வெளியே. பேரவையில் அவருக்கு ஓட்டுக் கிடையாது.

கல்லுக்கிணறு

இதன் ஒரு துண்டு சென்னையிலேயே கிடக்கிறது. எழும்பூரில் ‘கிர்க்’ என்று சொல்கிறோமே, செயின்ட் ஆண்ட்ரூஸ். 1821-ல் திறந்தது. மண் இளக்கம் என்று கிணறு கிணறாக இறக்கி அதன்மேல் கட்டிய வட்டக் கட்டடம். கிழக்கிந்தியக் கும்பினிப் பணத்தில் ஸ்காட்டியருக்காக எழுந்த அரசாங்கக் கோயில் அது. இன்னொரு பக்கம் பாரிமுனையில் ஆண்டர்சன் சர்ச். ஜான் ஆண்டர்சன் 1837-ல் இங்கே வந்து, பொதுப்பேரவையின் பெயரிலேயே பள்ளிக்கூடம் நடத்தியவர்.

1843-ல் இந்தியாவில் இருந்த ஸ்காட்டிஷ் மிஷனரிகள் அத்தனை பேரும் சுயாதீனச் சபைப் பக்கம் போனார்கள். இங்கே ஆண்டர்சன், ஜான்ஸ்டன், பிரெய்ட்வுட். கல்கத்தாவில் அலெக்சாண்டர் டஃப், தான் பார்த்துப் பார்த்து உருவாக்கிய கல்லூரிக் கட்டடத்தையும் நூலகத்தையும் விட்டுவிட்டு வேறு இடத்தில் மறுபடி ஆரம்பித்தார். மதராஸ் பள்ளியும் பேர் மாறியது. 1862-ல் வந்த வில்லியம் மில்லர் கையில் அது வளர்ந்து மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரி ஆயிற்று. தாம்பரத்தில் படித்த எத்தனை பேருக்கு இது தெரியும்?

எழும்பூரும் பாரிமுனையும் இன்று ஒரே சி.எஸ்.ஐ.க்குள் (தென்னிந்தியத் திருச்சபை) இருக்கின்றன.

புதன்கிழமை ஜெபம்

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் எந்தப் பெரிய அமைப்பிலும் சேராத ஒரு சுயாதீன சபையின் பாஸ்டர். இதையெல்லாம் படித்தபோது ஒன்று தோன்றியது. பேரவை, மன்றம், சினாடு, பேராயர் இதெல்லாம் எதற்கு? எந்தப் பிரபுவும் என்னை முன்மொழியவில்லை, எந்த நீதிமன்றமும் நீக்க முடியாது. தேவன் அழைத்தார், ஊழியம் செய்கிறேன். இயேசுவே நேரடியாக ஆளுகை செய்கிற சபை இதுதானே? உங்கள் 474 பேரும் கடைசியில் வந்து சேர்ந்த இடத்தில் நாங்கள் ஆரம்பத்திலேயே நிற்கிறோம்.

மார்த்தாண்டம் மருமகள்

பாஸ்டர் ஐயா, கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் சபைக் கட்டடம் யார் பெயரில் இருக்கிறது?

புதன்கிழமை ஜெபம்

ட்ரஸ்ட் பெயரில் சிஸ்டர். நான், என் மனைவி, மச்சான் மூன்று பேரும் டிரஸ்டிகள். வாடகைக் கொட்டகையில் இருந்து கஷ்டப்பட்டு வாங்கிய இடம் அது.

மார்த்தாண்டம் மருமகள்

கஷ்டப்பட்டதை மறுக்கவில்லை. ஆனால் 1712 சட்டத்திலாவது பிரபு ஒருவர், குரு வேறொருவர். உங்கள் இடத்தில் இரண்டும் ஒரே வீட்டில் இருக்கிறது.

சரி, ஓலைப்பெட்டி அண்ணாச்சிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘ஆண் குடும்பத் தலைவர்கள்’ என்று எழுதிவிட்டு அப்படியே தாண்டிப் போய்விட்டீர்கள். மார்னாக்கில் பனியில் நடந்து வந்தவர்களில் பெண்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? அவர்களுக்கு வேண்டாம் என்று சொல்ல உரிமை கிடையாது. கிறிஸ்து தலைவர், அவருக்குக் கீழே எல்லோரும் சகோதரர் என்று பேசியவர்கள் அங்கே வந்து நின்றுவிட்டார்கள்.

இன்னொன்று. ‘சபை விஷயத்தில் நீதிமன்றம் தலையிடக்கூடாது’ என்பது கேட்க நன்றாக இருக்கும். ஸ்காட்லாந்துச் சபையில் ஒரு பெண் குரு, ஒழுங்கு நடவடிக்கையில் ஆண் குருமாரை நடத்துகிற மாதிரி என்னை நடத்தவில்லை என்று பாரபட்ச வழக்குப் போட்டார். இது ஆவிக்குரிய காரியம், எங்கள் ஆளுகைக்குள் வரும், வெளியார் விசாரிக்க முடியாது என்று சபைத் தரப்பு வாதாடியது. 2005-ல் பிரபுக்கள் சபை, இது வேலை சம்பந்தப்பட்ட உரிமை, விசாரிக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. 1838-ல் ஏழைக் குடியானவனைக் காப்பாற்ற எழுந்த வாதம், 2005-ல் நிர்வாகத்தைக் காப்பாற்ற எழுந்தது. எங்கள் பக்கம் ஒரு சேகரத்தில் கணக்குக் கேட்ட வாலிபரிடம் ‘இது கர்த்தருடைய காரியம், இதில் கேள்வி கேட்காதே’ என்றார்கள். அதுவும் கிறிஸ்துவின் தலைமையைச் சொல்லித்தான்.

ஓலைப்பெட்டி

அக்கா சொல்வது முழுக்கச் சரி. அதனால்தான் இந்த வாக்கியத்தை யார் சொல்கிறார், சொன்னதால் அவருக்கு என்ன நஷ்டம் என்று பார்க்கிறேன். வேலையை விட்டு வெளியே போகிறவர் சொன்னால் ஒரு அர்த்தம், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எதிரே நிற்பவரைப் பார்த்துச் சொன்னால் வேறு அர்த்தம்.

நஷ்டம் எப்படி இருந்தது என்பதற்கு ஒன்று. 1843-க்குப் பிறகு பல நிலப்பிரபுக்கள் கோயில் கட்ட ஒரு சென்ட் இடம்கூடத் தரவில்லை. மேற்குக் கரையில் ஸ்ட்ரான்டியன் என்ற இடத்தில் நிலம் முழுக்க ஒரே பிரபுவிடம் இருந்தது. சபையார் பார்த்தார்கள். நிலம்தானே உன்னுடையது, கடல் இல்லையே என்று கிளைட் நதிப் பட்டறையில் இரும்பில் ஒரு மிதக்கும் கோயில் செய்து, 1846-ல் சூனார்ட் கடற்கழிக்கு இழுத்து வந்து நங்கூரம் போட்டார்கள். ஜனம் படகில் போய் ஏறும். நூறு பேர் ஏறினால் கோயில் ஓர் அங்குலம் தண்ணீரில் இறங்குமாம். பிரசங்கியார் நல்லவரா சுமாரா என்பதை அன்றைக்கு எவ்வளவு முங்கியது என்று பார்த்தே சொல்லிவிடலாம் என்று கேலி பேசியிருக்கிறார்கள்.

குருமார் சம்பளத்துக்குச் சால்மர்ஸ் ஒரு பொது நிதி வைத்தார். வீட்டுக்கு வாரம் ஒரு பென்னி. பணக்காரச் சபை, ஏழைச் சபை எல்லாம் ஒரே நிதியில் போட்டு, குருமாருக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஹைலேண்ட்ஸ் மலைக் கிராமங்களில் ஊழியம் நிலைத்ததற்கு இது பெரிய காரணம்.

கல்லுக்கிணறு

அந்தச் சபைக்கு இன்னொரு பணமும் வந்தது அண்ணாச்சி. அதை நீங்கள் எழுதாததால் நான் எழுதுகிறேன்.

புதுச் சபைக்கு நூற்றுக்கணக்கான கோயில் கட்ட வேண்டும், பள்ளி கட்ட வேண்டும். 1844-ல் ஒரு குழு அமெரிக்கா போய் நன்கொடை திரட்டியது. வந்ததில் சுமார் 3,000 பவுண்டு தென்மாநிலங்களிலிருந்து, அடிமைகளை வைத்திருந்தவர்கள் இருந்த சபைகள் கொடுத்தது. அடிமையாக இருந்து தப்பித்து வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1846-ல் ஸ்காட்லாந்து முழுக்கக் கூட்டம் போட்டார். ‘பணத்தைத் திருப்பி அனுப்பு’ என்பதுதான் கோஷம். சுவரெல்லாம் எழுதினார்கள், தெருவில் பாட்டாகப் பாடினார்கள், எடின்பரோவில் குன்றின் புல்தரையில் வெட்டிக்கூட வைத்தார்கள்.

சபை திருப்பி அனுப்பவில்லை. அடிமைமுறை தீமைதான், ஆனால் அடிமை வைத்திருக்கிறான் என்பதற்காக மட்டுமே ஒருவனோடு ஐக்கியத்தை முறித்துக்கொள்ள முடியாது என்று நியாயம் சொன்னது. ராணியின் நீதிமன்றத்துக்கு எதிராகக் கிறிஸ்துவின் கிரீடத்தைத் தூக்கிப் பிடித்து மூன்றே வருஷம்! அரசாங்கம் எதிரே வந்தபோது தலைவர் யார் என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. காசோலை வந்தபோது தெரியவில்லை. அந்தச் சபையின் முழு வரலாற்றிலும் என்னை உறுத்துவது இந்த இடம்தான்.

சாந்தோம்காரன்

இதைப் படித்த பிறகு, பிளவுபட்டதால் என்ன லாபம் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

ஓலைப்பெட்டி

நில உரிமையாளர் குருவை வைக்கும் வழக்கத்தை 1874-ல் பாராளுமன்றமே நீக்கியது. அது ஒரு லாபம். பணத்தைத் திருப்பி அனுப்பாததற்குச் சமாதானம் சொல்லமாட்டேன். டக்ளஸ் சொன்னதுதான் சரி. சால்மர்ஸ் அதற்கு மறு வருஷமே இறந்தும் போனார்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். டக்ளஸ் அவர்களைக் கேள்வி கேட்டது எதை வைத்து? அவர்கள் அறிக்கையிட்ட அதே கிறிஸ்துவை வைத்து. போப்பையோ ராணியையோ தலைவர் என்று சொல்லியிருந்தால், அந்தத் தலைவரே பணத்தை வாங்கச் சொன்னால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

சாந்தோம்காரன்

போப்பே சொன்னாலும் தவறு தவறுதான். அப்படி எங்களுக்கும் ஒரு மனச்சாட்சி உண்டு. சியன்னா கத்தரீன் அம்மாள் போப்புக்கே கண்டித்துக் கடிதம் எழுதியவர். அதையும் கணக்கில் எடுங்கள்.

வக்கீல் குமாஸ்தா

சொத்துப் பக்கம் யாரும் முழுசாகப் போகவில்லை. வேடிக்கையான வழக்கு ஒன்று இருக்கிறது.

1900-ல் இந்தச் சுயாதீனச் சபை இன்னொரு பிரெஸ்பிட்டேரியன் சபையோடு இணைந்தது. முப்பது பேர்கூடத் தேறாத குருமார், பெரும்பாலும் மலைப்பகுதிக்காரர்கள், சேரமாட்டோம் என்று நின்றார்கள். அதோடு, பழைய சபையின் கொள்கையை நாங்கள்தான் காக்கிறோம், சொத்து முழுவதும் எங்களுக்கே என்று வழக்கும் போட்டார்கள். 1904-ல் பிரபுக்கள் சபை 5-க்கு 2 என்று அவர்களுக்கே கொடுத்துவிட்டது! கல்லூரி, கோயில்கள், நிதி எல்லாமே சட்டப்படி அந்தச் சிறு கூட்டத்துக்கு. காரணம் சால்மர்ஸே. 1843-ல் வெளியே வந்தபோதும், அரசு ஆதரிக்கும் சபை என்கிற கொள்கையை நாங்கள் விடவில்லை என்று அவர் பேசியிருந்தார். நீதிபதிகள் அதை எடுத்து, கொள்கையை மாற்றினால் அந்தக் கொள்கைக்காகக் கொடுத்த சொத்தைக் கொண்டுபோக முடியாது என்றார்கள். அத்தனை கோயிலையும் நிர்வகிக்க அந்தச் சின்னக் கூட்டத்துக்கு ஆள் ஏது? 1905-ல் தனிச் சட்டம் போட்டுப் பங்கு பிரித்தார்கள்.

இந்த அடி வாங்கிய பிறகு, 1921-ல் ஸ்காட்லாந்துச் சபை பற்றி ஒரு சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் உள்ள அறிக்கை சொல்வது: போதனை, ஆராதனை, ஆளுகை, ஒழுங்கு இவற்றில் சட்டம் வகுக்கவும் முடிவாகத் தீர்க்கவும் அதிகாரத்தை இந்தச் சபை தன் தெய்வீக ராஜாவும் தலைவருமான கிறிஸ்துவிடமிருந்து மட்டுமே பெறுகிறது, எந்தச் சிவில் அதிகாரத்துக்கும் அது கீழ்ப்பட்டதல்ல. 1843-ல் வெளியேறியவர்கள் கேட்டதைப் பாராளுமன்றமே ஏற்றுக்கொண்டது. 1929-ல் பெரும்பான்மைச் சபைகள் மறுபடி ஒன்றாயின. மேலே அந்த அக்கா சொன்ன 2005 வழக்கு, இந்தப் பாதுகாப்பு எதுவரை என்பதைப் பற்றியதுதான்.

நம் நாட்டுக்கு வந்தால், சி.எஸ்.ஐ. சொத்துக்கள் ஒரு டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கின்றன. அது கம்பெனிச் சட்டத்தில் பதிவான அமைப்பு. கம்பெனி என்றால் கணக்கு, தணிக்கை, கூட்டம் எல்லாம் உண்டு. கேட்கும் இடத்தில் கேட்டுத்தான் ஆக வேண்டும். தேர்தல் நேரத்தில் இரண்டு அணியும் ‘கர்த்தருடைய சித்தம்’ என்று நோட்டீஸ் அடிக்கிறது. முடிவு வந்ததும் தோற்ற அணி நீதிமன்றம் போகிறது. போவதைத் தப்பென்று சொல்லமாட்டேன், எனக்கும் அதுதான் பிழைப்பு. ஆனால் 1843-ல் அவர்கள் சபையை நீதிமன்றத்திடமிருந்து காப்பாற்ற வெளியே போனார்கள். இங்கே சபையை நிர்வாகிகளிடமிருந்து காப்பாற்ற நீதிமன்றத்துக்குப் போகிறார்கள்.

மார்த்தாண்டம் மருமகள்

தியோத்திரேப்பு என்று ஒருவன் யோவானின் மூன்றாம் நிருபத்தில் வருவான். முதன்மையாய் இருக்க விரும்புகிறவன். அவன் எந்த அணி என்று கேட்டால் இரண்டு அணியிலும் தேடலாம்.

புதன்கிழமை ஜெபம்

சிஸ்டர் கேட்ட கேள்வி மனதில் நிற்கிறது. ‘நேரடியாக இயேசு ஆளுகிறார்’ என்று நான் சொன்னது உண்மை என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆனால் என்னைத் தப்பு என்று சொல்ல எங்கள் சபையில் யாருக்கும் வழி இல்லை என்பதும் உண்மை. குமாஸ்தா ஐயா, எங்கள் மாதிரி நூற்றைம்பது பேர் உள்ள சபையில் நடைமுறையில் என்ன செய்யலாம்? பெரிய அமைப்பெல்லாம் தாங்காது.

வக்கீல் குமாஸ்தா

பெரிய அமைப்பு வேண்டாம் ஐயா. முதலில் ட்ரஸ்ட் பத்திரத்தைத் திறந்து, டிரஸ்டிகளைச் சேர்க்க என்ன வழி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வழி இருந்தால் குடும்பத்துக்கு வெளியே இரண்டு பேரைச் சேருங்கள். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அக்கா விடமாட்டார். அங்கத்தினர் பதிவேடு ஒன்று வையுங்கள். பேங்க் கணக்கில் இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று உங்கள் வீட்டு ஆளாக இருக்கக்கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை ஆராதனை முடிந்ததும் வரவு செலவை வாசியுங்கள்.

புதன்கிழமை ஜெபம்

வாசிக்கலாம். ஆனால் யார் எவ்வளவு தசமபாகம் கொடுத்தார் என்று பெயர் சொல்லமாட்டேன்.

வக்கீல் குமாஸ்தா

பெயர் யாருக்கு வேண்டும்? மொத்தத் தொகையும் செலவும் போதும். உங்கள் சம்பளம் தனி வரியாக வரட்டும்.

மார்த்தாண்டம் மருமகள்

கார் டீசலும்.